சூழொலிக் கருவியும் கேட்போர் செவியும்

ஒரு பயிற்சிக் கூடத்திற்கோ பள்ளிக்கோ சூழொலி அமைப்பு வாங்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தவுடன், எத்தனை ஒலிபெருக்கிகள் என்ற கேள்வியே முதலில் கேட்கப்படுகிறது. ஐந்தா, ஏழா, அதற்கும் மேலா என்று கணக்குப் பார்க்கப்படுகிறது. கேட்கப் போகிறவருடைய செவியைப் பற்றி எவரும் வினவுவதில்லை. ஒலிபெருக்கிகளுக்குப் பதிலாக ஹெட்போனை உபயோகிக்கும் முறை இன்று நன்கு வளர்ந்திருக்கிறது. இம்முறையில், விடுபட்டுப்போன அந்த வினாவே முதன்மையானதாகி விடுகிறது. இது பெருநகரத்துச் செல்வர் வீட்டு விவகாரம் மட்டும் அன்று. மைசூருக்கு நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள மார்டள்ளி போன்ற ஊர்களுக்கே இதனால் அதிகப் பயன் உண்டு.

மார்டள்ளி, மாதேஸ்வர மலைக் காடுகளை அடுத்துள்ள சிற்றூர். கொள்ளேகாலம் வட்டாரம் முழுவதும் 1956-ஆம் ஆண்டு வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்து, மாநிலச் சீரமைப்பின்போது மைசூர் மாவட்டத்துடன் சேர்ந்தது. 1997-இல் சாமராசநகர் மாவட்டம் பிரிந்தபோது அதன் பகுதியாயிற்று. தமிழ் வழங்கும் குடும்பங்கள் இவ்வூரில் ஏராளம். இத்தகைய ஊரிலுள்ள ஒரு பள்ளி அறையை எண்ணிப் பார்க்கலாம். சுவர்கள் பூசிய வெறுஞ் சுவர்கள், தரை சிமெண்டு, கூரை தகடாயின் மழைக்காலத்தில் ஆசிரியர் குரலே எட்டாது. இவ்வறையில் ஆறு ஒலிபெருக்கிகளை நிறுத்தினாலும், அவை எழுப்பும் ஒலி சுவருக்குச் சுவர் மோதி, எத்திசையிலிருந்து வந்தது என்பதே தெரியாமற் குழம்பிப் போகும். ஆக, நல்ல ஒலிபெருக்கிகளை வாங்கியும் பயனில்லை. நல்ல அறை வேண்டும். நல்ல அறையை ஊர்தோறும் கட்டுதல் இயலாது. ஆயினும் ஓர் அறையின் ஒலிப்பண்பை அளந்து, அந்த அளவை வேறோர் ஊருக்கு எடுத்துச் செல்ல இயலும். இக்கட்டுரை வற்புறுத்த விரும்புவது இதனையே.

ஒலியின் திசையைச் செவி எவ்வாறு அறிகிறது என்பதை முதலில் நினைவுகூர்தல் நன்று. இடப்பக்கத்து ஒலி இடச் செவியை முதலிலும் வலச் செவியைப் பின்னரும் அடைகிறது. இரண்டிற்கும் இடையேயுள்ள கால வேறுபாடு, ஒலி நேர் பக்கவாட்டில் இருக்கும்போதுங்கூட, ஒரு விநாடியை ஆயிரம் பங்கிட்டால் அதில் ஒரு பங்குக்கும் குறைவு, ஏறத்தாழ 0.6 அல்லது 0.7 மில்லிவிநாடி. இத்துணைச் சிறு வேறுபாட்டையும் மூளை கணக்கிடுகிறது. உயர்ந்த சுருதிகளில் தலையே ஒலிக்கு நிழலாக நிற்பதால், அப்பாலுள்ள செவிக்கு வலிமை குறைந்து கேட்கிறது. இவ்விரண்டையும் ராலே பிரபு 1907-இல் தெளிவுபடுத்தினார். ஆனால் இவை இரண்டும் முன்பின் வேறுபாட்டைக் காட்டமாட்டா. நேர் முன்னே ஒலித்தாலும் நேர் பின்னே ஒலித்தாலும் இரு செவிகளுக்கும் ஒரே காலம், ஒரே வலிமைதானே! அங்கே துணைக்கு வருபவை செவிமடலின் மடிப்புகள். அவை ஒவ்வொரு திசையிலிருந்து வரும் ஒலியையும் ஒவ்வொரு விதமாகச் சிறிது மாற்றி உள்ளே அனுப்புகின்றன. அம்மடிப்புகள் கைரேகை போல ஆளுக்கு ஆள் மாறுபடுபவை. இதற்கு மேலும் ஐயம் எழுந்தால் தலையைச் சற்றுத் திருப்பிப் பார்க்கிறோம்; திருப்பியபோது ஒலி எச்செவிப் பக்கம் நகர்ந்தது என்பதிலிருந்து முன்பின் தெளிவாகிறது. ஹான்ஸ் வாலாக் 1940-இல் இதனை ஆராய்ந்து எழுதினார்.

சாதாரண ஹெட்போனில் பாட்டுக் கேட்பவருக்குப் பாடகர் எதிரே நிற்பதாகத் தோன்றாமல், தலைக்குள்ளே குடியிருப்பதாகத் தோன்றுவதன் காரணம் இப்போது விளங்கும். தலையின் நிழல், செவிமடல், அறையின் எதிரொலி ஆகிய மூன்றையும் ஹெட்போன் தாண்டிச் சென்று விடுகிறது. தாண்டியவற்றைக் கணக்கிட்டு மீண்டும் ஒலியுடன் சேர்த்துவிட்டால், ஒலிபெருக்கி இல்லாத இடத்தில் ஒலிபெருக்கி இருப்பது போன்ற உணர்வு உண்டாகிறது. ஆடியினுள்ளே தெரியும் உருவத்தை ஒளியியற் பாடத்தில் மாய பிம்பம் என்று மாணவர் படிக்கின்றனர். அவ்வண்ணமே இதனை மாய ஒலிபெருக்கி எனலாம்.

இதற்கான அளவு எடுக்கும் முறை எளிமையானதுதான். கோயில் மண்டபத்தில் ஒரு முறை கைதட்டினால், தட்டிய ஓசையும் அதனைத் தொடரும் முழக்கமும் அம்மண்டபத்தின் முத்திரையாகக் கேட்கின்றன. கேட்பவரின் இரு செவித் துளைகளிலும் சிறு மைக்குகளை வைத்து, ஒவ்வோர் ஒலிபெருக்கியிலிருந்தும் கீழ்ச் சுருதியிலிருந்து மேற்சுருதி வரை ஏறிச் செல்லும் ஓர் ஒலியை எழுப்பிப் பதிவு செய்தால், அந்த அறையும் அந்தச் செவியும் கூடிய முத்திரை கிடைக்கிறது. ஓர் ஒலிபெருக்கிக்கு இடச் செவி, வலச் செவி என இரண்டு முத்திரைகள், ஆறு ஒலிபெருக்கிக்குப் பன்னிரண்டு, எட்டுக்குப் பதினாறு. பின்னர் மைக்குகளை எடுக்காமலே ஹெட்போனை மாட்டி, ஹெட்போனின் இயல்பையும் அளந்து கொள்ள வேண்டும். வட அயர்லாந்தைச் சார்ந்த ஸ்டீபன் ஸ்மைத் முதலியோரின் ஸ்மைத் ரிசர்ச் நிறுவனம் வெளியிட்ட ரியலைசர் ஏ8 என்ற எட்டுத் தடக் கருவி இம்முறையைப் பின்பற்றியது. கேட்பவர் நேரே, இடப்புறம், வலப்புறம் என மூன்று நிலைகளில் தலையை வைத்து அளவு தருகிறார். பின்னர்த் தலையின் அசைவை உணரும் சிறு கருவி, தலை திரும்பும்போது மாய ஒலிபெருக்கிகளை அவற்றின் இடத்திலேயே நிற்க வைக்கிறது. பின்வந்த ஏ16 பதினாறு தடங்களைக் கையாளும், இருவர் கேட்கலாம். விலை அதிகம். ஆயினும் இதே கணக்கைச் சாதாரணக் கணினியில் செய்யும் இலவச மென்பொருள்களும் இருக்கின்றன. இம்பல்சிஃபர் அவற்றுள் ஒன்று. தலையசைவைத் தொடரும் வசதி அதில் இல்லை என்பது குறைதான். ஆனால் ஒரு ஜோடிச் சிறு மைக்கும் பொறுமையும் உள்ளவர் தொடக்க வேலைக்கு அதனை நம்பலாம்.

இனி, இணைப்பு. பணமும் உழைப்பும் பெரும்பாலும் வீணாகும் இடம் இதுவே. சூழொலி என்பது பல தனித்தடங்களின் தொகுதி. ஐந்து புள்ளி ஒன்று எனப்படும் முறையில் இடம், வலம், நடு, பின் இடம், பின் வலம் என ஐந்து தடங்களும், தாழ்ந்த அதிர்வுகளுக்கென ஒரு தடமும் உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி முன் இடமும் வலமும் நடுக்கோட்டிலிருந்து 30 பாகையிலும், பின்னவை 100 முதல் 120 பாகைக்குள்ளும் நிற்க வேண்டும். இத்தடங்கள் ஆறும் கலவாமல் தனித்தனியே மாய ஒலிபெருக்கிக் கருவியை அடைய வேண்டும். ஒருமுறை கலந்து இரண்டாகி விட்டால், பின்னர் எந்தக் கருவியாலும் அவற்றைப் பழையபடி பிரிக்க இயலாது. மோரில் கலந்த நீரைப் பிரிக்க முடியுமா?

ஆகையால் ரிசீவரின் முகப்பிலுள்ள ஹெட்போன் துளையிலிருந்து கம்பி எடுத்து மாய ஒலிபெருக்கிக் கருவிக்குக் கொடுப்பது பயனற்ற செயல். அத்துளைக்கு வருமுன்னரே ஆறு தடங்களும் இரண்டாகக் குறுக்கப்பட்டிருக்கும். ஆப்டிகல் கேபிளை நம்புவோரும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். சுருக்கப்படாத ஒலியை அது இரண்டு தடங்களுக்கு மேல் சுமக்காது, டால்பி, டி.டி.எஸ். முறைகளில் சுருக்கிய ஆறு தடங்களை அது சுமக்கும். ஆனால் மறுமுனையிலுள்ள கருவி அச்சுருக்கத்தை விரிக்க வல்லதாக இருக்க வேண்டும். எச்.டி.எம்.ஐ. வழியே எட்டுத் தடங்களும் சுருக்கப்படாமலே செல்லும். அதற்கு வட்டு ஓட்டும் கருவியிலோ கணினியிலோ ஒலி வெளியீட்டைப் பி.சி.எம். என்று மாற்றி வைக்க வேண்டும். மாற்றாது விட்டுவிட்டு, ஒலியே வரவில்லை என்று கருவியைக் குறை கூறுவது வழக்கமாகி விட்டது. பழைய ரிசீவர்களில் ஆறு அல்லது எட்டு முன்னிலை வெளியீட்டுத் துளைகள் தனித்தனியே இருந்தால், அவற்றிலிருந்து ஆறு கம்பிகளை எடுத்து நேரே இணைப்பதே மிக எளிது. கம்பிகளின் வரிசை மாறக் கூடாது. மாறினால் பின்னாலிருந்து வர வேண்டிய மழையொலி முன்னாலும், முன்னால் பேச வேண்டியவர் பின்னாலும் அமைவர்.

ஒலிபெருக்கிகளுக்குச் செல்லும் கனத்த கம்பிகளை மட்டும் மாய ஒலிபெருக்கிக் கருவியில் ஒருபோதும் செருகலாகாது. எட்டு ஓம் ஒலிபெருக்கிக்கு நூறு வாட் தரும் ஆம்ப்ளிபையரின் முனையில் ஏறத்தாழ 28 வோல்ட்டு நிற்கும். சிறு அறிகுறிகளை ஏற்கும் துளைகளோ ஓரிரு வோல்ட்டுக்கே அமைந்தவை. இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு பிழை கண்ணுக்குத் தெரியாதது. ஆதலின் அதிகக் கேடு செய்வது. இக்காலத்து ரிசீவர்கள் அறைக்கேற்ப ஒலியைத் திருத்தும் ஆற்றல் பெற்றவை. எந்த ஒலிபெருக்கி எத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டு ஒவ்வொரு தடத்தையும் தாமதப்படுத்தும். மாய ஒலிபெருக்கிக்குரிய முத்திரையிலும் அந்தத் தூரமும் அறையும் ஏற்கெனவே அடங்கியுள்ளன. ரிசீவரின் திருத்தத்தை நிறுத்தாவிட்டால், மூக்குக் கண்ணாடியின் மேல் இன்னொரு மூக்குக் கண்ணாடி மாட்டியது போலாகும். கைப்பேசிகளும் விளையாட்டுக் கருவிகளும் தாமாகவே ஒரு மாயச் சூழொலியைச் சேர்த்து விடுகின்றன. அதனையும் நிறுத்தல் வேண்டும். தாழ்ந்த அதிர்வுத் தடம் ஏனையவற்றினும் 10 டெசிபெல் உயர்த்தி ஒலிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சில கருவிகள் அதனைத் தாமே செய்யும், சில செய்யா. இடியோசை வலுவற்றுக் கேட்டால் முதலில் ஐயுற வேண்டியது இதனையே. புளூடூத் ஹெட்போன் இவ்வேலைக்கு ஏற்றதன்று. ஒலி தாமதமாக வந்து, படத்தில் வாய் ஒரு நேரமும் சொல் ஒரு நேரமுமாக அமையும். தலை திரும்பிய பின்னரே மாய ஒலிபெருக்கி திரும்பும்.

எல்லா இணைப்பும் செம்மையாக இருந்தும், கேட்பவர் குறை சொல்வதுண்டு. எதிரே இருக்க வேண்டிய குரல் பின்னந் தலையிலிருந்து வருகிறது என்பார். தலைக்கு மேலே கேட்கிறது என்பார். இணைத்தவர் கம்பிகளைக் கழற்றி மறுபடி மாட்டுவார். பிழை கம்பியில் இல்லை. கருவியில் நிரப்பப்பட்டிருப்பது வேறொருவருடைய செவி! பிரெட் வைட்மன், டோரிஸ் கிஸ்ட்லர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவரும் 1989-இல், அவரவர் செவியில் எடுத்த அளவைக் கொண்டு ஹெட்போனில் ஒலித்தால், வெளியில் வைத்த ஒலிபெருக்கியைப் போலவே திசை அறியப்படுவதைப் பெரும்பாலும் மெய்ப்பித்தனர். 1993-இல் எலிசபெத் வென்சலும் அவர்களும் சேர்ந்து, பதினாறு பேருக்கு வேறொருவர் செவியின் அளவைக் கொடுத்துப் பார்த்தனர். பக்கவாட்டுத் திசை பெரும்பாலோர்க்குச் சரியாகவே தெரிந்தது. முன்பின் குழப்பமோ மிகுந்தது.

கடைகளில் மாயச் சூழொலி என்ற பெயரில் விற்கப்படும் ஹெட்போன்கள் பலவும் ஒரு சராசரிச் செவியைக் கொண்டே கணக்கிடுகின்றன. ஆராய்ச்சி உலகில் பெரிதும் வழங்கும் அளவுத் தொகுதிகளுள் ஒன்று, 1994-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் கெமார் என்ற பொம்மைத் தலையில் 710 திசைகளில் எடுக்கப்பட்டது. மற்றொன்று 2001-இல் கலிபோர்னியாவில் 43 பேரிடமும் கெமார் பொம்மையிடமும் எடுக்கப்பட்டது. இத்தகைய அளவுகள் மார்டள்ளி ஆசிரியர் ஒருவருக்குத் தற்செயலாகப் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். கண்ணாடி வாங்கச் செல்பவரிடம் ஊரின் சராசரிப் பார்வைக்கு உரிய கண்ணாடியைக் கொடுத்தனுப்பும் கடையை எவரும் பொறுப்பதில்லை. செவிக்கு மட்டும் ஏன் இந்தப் பொறுமை?

பழகப் பழகச் சரியாகிவிடும் என்று சிலர் கூறுவர். அதில் உண்மை இல்லாமலில்லை. நெதர்லாந்தில் ஹோப்மன் முதலியோர் 1998-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், செவிமடலினுள் அச்சு வைத்து அதன் வடிவை மாற்றியபோது, ஒலியின் உயரத்தை அறியும் திறமை உடனே கெட்டது. சில வாரங்கள் அச்சுடனேயே வாழ்ந்த பின்னர் அது மீண்டும் வந்தது. அச்சை எடுத்த பின்னும் பழைய திறமை மறையவில்லை என்பது வியப்பான செய்தி. ஆனால் அவர்கள் நாள் முழுவதும் அப்புதுச் செவியுடன் நடமாடினர். வாரத்தில் ஒரு மணி நேரம் பயிற்சிக்கு வரும் களப்பணியாளரிடம் அத்தகைய பழக்கத்தை எதிர்பார்த்தல் நியாயமன்று.

களப்பணியாளர்க்கு இது எதற்கு என்ற கேள்வி எழலாம். மாதேஸ்வர மலைக் காடு 2013-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கு நடமாடுவோர்க்கு ஒலி எத்திசையிலிருந்து வந்தது என்று அறிவது உயிர்காக்கும் திறமை. மூங்கில் முறியும் ஓசை பின்னாலிருந்தா, முன்னாலிருந்தா? இதனைப் புதிதாகச் சேர்ந்த பணியாளருக்குக் காட்டிலேயே கற்பிப்பதைவிட, பல தடங்களிற் பதிவு செய்த காட்டொலியைக் கொண்டு அறையிற் கற்பிப்பது பாதுகாப்பானது. ஆனால் முன்பின் குழப்பும் கருவியைக் கொண்டு இப்பயிற்சியை அளிப்பதைவிட அளிக்காமலே இருப்பது நல்லது. தவறான திசையில் உறுதியை வளர்ப்பது அறியாமையினும் தீது. யானைகள் தம்முள் உரையாடும் ஒலியில் ஒரு பகுதி 14 முதல் 24 ஹெர்ட்சு வரையிலுள்ளது என 1986-இல் காதரின் பேய்ன் முதலியோர் ஆசிய யானைகளிடம் கண்டு எழுதினர். மனிதச் செவிக்குப் பெரும்பாலும் எட்டாத அவ்வதிர்வைச் சிலர் உடலால் உணர்வதாகக் கூறுவர். ஹெட்போன் அதனைத் தராது. இதனைப் பயிற்சியின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

பள்ளி ஆசிரியர்க்கு வேறு சில எச்சரிக்கைகள் உண்டு. வளரும் பிள்ளையின் தலையும் செவிமடலும் மாறுவதால், ஆசிரியர் செவியின் அளவு மாணவனுக்குப் பொருந்தாது. மாணவனுடைய சென்ற ஆண்டு அளவும் நெடுநாள் நிற்காது. உலகச் சுகாதார நிறுவனமும் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018-இல் வகுத்த நெறிப்படி, வாரத்தில் 40 மணி நேரம் கேட்போர் 80 டெசிபெல்லையும், குழந்தைகள் 75 டெசிபெல்லையும் தாண்டலாகாது. ஒலிபெருக்கி மிகுந்து ஒலித்தால் அடுத்த வகுப்பு ஆசிரியர் வந்து கதவைத் தட்டுவார். ஹெட்போன் மிகுந்து ஒலிப்பதை வெளியார் அறிய முடியாது. மேலும், எத்திசை ஒலியும் ஒரே பக்கத்தில் கேட்கிறது என்று ஒரு பிள்ளை கூறினால், அதனை விளையாட்டாகக் கொள்ளாமல் செவிப் பரிசோதனைக்கு அனுப்புதல் கடமை. ஒரு செவி மட்டுங் கேளாத பிள்ளைகள் வகுப்பில் பல ஆண்டுகள் கவனமற்றவர் என்ற பெயருடன் இருந்து விடுவதுண்டு.

இவற்றிற்கெல்லாம் அளவெடுக்கும் இடம் எங்கே? மைசூர் நகரிலேயே அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் 1965-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. மத்திய சுகாதார அமைச்சகத்தைச் சார்ந்தது. வெளியோசை புகாத அறைகளும், செவியின் இயல்பை அளந்து பழகிய நிபுணர்களும் அங்கு உள்ளனர். இந்நகரத்திற்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு அதனினும் பழையது. மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக விளங்கிய எம்.வி. கோபாலசாமி 1935-இல் தமது இல்லத்திலிருந்தே ஆகாசவாணி என்ற பெயரில் வானொலி நிலையம் தொடங்கினார். உளவியல் அறிந்தவர் ஒலிபரப்பில் இறங்கியது ஒரு நல்ல முன்னடையாளம். ஒலி பாதி கருவியிலும் பாதி கேட்போர் மனத்திலும் அல்லவா நிகழ்கிறது?

ஊர்தோறும் சூழொலி அமைப்புகள் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, இத்தகைய நிறுவனமொன்றில் ஓர் அறையை முறைப்படி அமைத்து, 30 பாகையிலும் 110 பாகையிலும் தரமான ஒலிபெருக்கிகளை நிறுத்தி, ஆசிரியரும் களப்பணியாளரும் வந்து தத்தம் செவியளவைப் பதிந்து செல்ல வழிவகுத்தல் வேண்டும். ஒருவருக்கு அதிக நேரம் ஆகாது. அளவு ஒரு சிறு அட்டையில் அடங்கும். அந்த அட்டையுடன் கொள்ளேகாலம் பேருந்தில் ஏறுபவர் மைசூரின் நல்ல அறையையே மார்டள்ளிக்குக் கொண்டு செல்கிறார். அங்குள்ள பள்ளியின் சுவரும் தகடும் இனி அவருக்கு இடையூறு செய்வது பெரிதும் குறையும். நாற்பது மாணவர்க்கு ஒரே வேளையில் இதனைக் கொடுக்க முடியாது என்ற மறுப்பு உண்மையானது. வகுப்பிற்கு ஒலிபெருக்கியே போதும். இம்முறை, தனித்தனியே பயில வேண்டியவர்க்கு உரியது. அளவுகளைச் சோஃபா என்ற பொது வடிவில் சேமித்தால் பல மென்பொருள்களும் அவற்றைப் படிக்கும். அவ்வடிவம் 2015-இல் ஒலிப் பொறியியற் சங்கத்தின் தர விதியாகவே வெளிவந்துள்ளது. உடன்பட்டவர்களின் அளவுகளைப் பெயர் நீக்கித் தொகுத்தால், இந்நாட்டுச் செவிகளுக்கென ஒரு தொகுதியும் நாளடைவில் உருவாகும்.

அட்டையுடன், அளவெடுத்தபோது மாட்டியிருந்த அதே ஹெட்போனையும் அவரிடமே கொடுத்தனுப்ப வேண்டும். வேறொன்றை மாட்டினால் முத்திரை பொருந்தாது. மீண்டும் மைசூருக்கே வர நேரிடும்.